கூட்டுப் பந்தயமும் கூலிக் கணக்கும்

சூது தீது என்று நிலைநாட்டுவதற்கு ஒரு கட்டுரை வேண்டியதில்லை. திருக்குறளில் அதற்கென்றே ஓர் அதிகாரம் இருக்கின்றது. பாரதப் போர் முழுமையும் ஒரு சூதாட்ட மண்டபத்தில் முளைத்ததே. பள்ளிப் பிள்ளையும் அறிந்த அவ்வுபதேசத்தை மீண்டும் ஓதி அன்பர்களின் பொழுதைப் போக்க நாம் விரும்பவில்லை. நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது வேறொரு வினா. கணக்கு அறியாத ஒருவனிடம், கணக்கு அறிந்த ஒருவன், விலையை ஒளிக்காமல் எழுதிக் காட்டி, அவன் மனமுவந்து கொடுக்கும் பணத்தை வாங்கிக் கொள்வானாயின், அது வியாபாரமா, வஞ்சகமா? அங்ஙனம் பெறப்பட்ட சம்மதம் சம்மதந்தானா?

கேமரன் மலையில் இவ்வினாவுக்கு நிரம்ப இடமுண்டு. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் ஆராய்ந்த இம்மலைப் பிரதேசத்தில், 1929ஆம் ஆண்டில் ரஸ்ஸல் என்னும் வெள்ளையர் ஹாபுவில் தேயிலை பயிரிடத் தொடங்கினார். காட்டை வெட்டியும் சரிவில் கன்று நட்டும் கொழுந்து பறித்தும் அத்தோட்டங்களை உண்டாக்கியவர்களில் நம்மவர் பலர். இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கடை, ஓட்டல், காய்கறி லாரி என்று பரவியுள்ளனர். கொழுந்துக் கூடை பெரும்பாலும் வங்காளதேசத்தார், நேப்பாளிகள், இந்தோனேசியர் முதுகுக்கு மாறிவிட்டது. ஆனால் சனிக்கிழமை இரவு 10, 11 மணிக்கு இங்கிலாந்துக் காற்பந்தாட்டம் தொடங்கும் வேளையில், தோட்டத்தாரும் பட்டணத்தாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து விடுகின்றனர். குளிருக்கு இதமாகத் தேநீர், கையில் தொலைபேசி, அதனுள்ளே ஒரு சீட்டு.

காற்பந்தின் மீது பந்தயம் கட்டுதல் இந்நாட்டில் சட்டவிரோதம். 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் அதனைத் தடுக்கின்றது. 2010ஆம் ஆண்டு உலகக் கோப்பைச் சமயத்தில் அதற்கு உரிமம் அளிக்கும் முயற்சி எழுந்து, பொதுமக்கள் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. ஈப்போ, கோலாலம்பூர் குதிரைப் பந்தயங்களுக்கும் நாலு நம்பருக்கும் அரசாங்க அனுமதியுண்டு, காற்பந்துக்கு இல்லை. இல்லாதிருந்தும் அது நடைபெறுகின்றது என்பதை யாரும் அறிவர். சட்டத்தைப் பற்றிய பேச்சை இவ்வளவோடு நிறுத்திக் கொள்வோம். சட்டம் அனுமதித்தாலும் நம்முடைய வினா அப்படியே நிற்கும்.

இப்பொழுது அச்சீட்டில் என்ன இருக்கின்றது என்று காண்போம். பழைய பந்தயம் எளிது: ஒரு கட்சி வெல்லும் என்று பணம் கட்டினால், வென்றால் வரும், தோற்றால் போகும். பல ஆட்டங்களைக் கோத்துக் கட்டுவது அதற்கு அடுத்த படி. நான்கும் பலித்தால் பெருந்தொகை, ஒன்று பிசகினாலும் ஒன்றுமில்லை. மூன்றாவது ஒன்றுண்டு. அதனை ஆங்கிலேயர் ‘சிஸ்டம்’ என்பர். நாம் கூட்டுப் பந்தயம் என்போம். நான்கு ஆட்டங்களைத் தேர்ந்து, அவற்றை இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் நான்கும் ஒன்றாகவும் எத்தனை விதமாகச் சேர்க்கக் கூடுமோ அத்தனை விதமாகவும் சேர்த்து, ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனியே பணம் கட்டுவது அது. நான்கிற்கு இரட்டைகள் 6, மூன்றுகள் 4, நான்கு ஒன்று, ஆக 11. இதற்கு ‘யாங்கி’ என்று பெயர். மூன்று ஆட்டங்களுக்கு 4 சேர்க்கைகள், அது ‘திரிக்ஸி’. எட்டு ஆட்டங்களுக்கு 247; அதற்கு ‘கோலியாத்’ என்று ஓர் அரக்கனின் பெயரையே வைத்திருக்கின்றனர், பொருத்தமாகத்தான்.

இக்கணக்கு மேனாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. அறுசுவைகளைக் கொண்டு எத்தனை விதமான கலவைகள் செய்யலாம் என்பது நம் நாட்டு வைத்திய நூலார் பண்டே எழுப்பிய வினா. 1150ஆம் ஆண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியில் அதற்கு வழி காட்டப்பட்டுள்ளது. தனிச்சுவை 6, இரண்டு சேர்ந்தவை 15, மூன்று சேர்ந்தவை 20, நான்கு சேர்ந்தவை 15, ஐந்து சேர்ந்தவை 6, ஆறும் சேர்ந்தது 1, மொத்தம் 63. இவற்றில் தனிச்சுவை ஆறையும் நீக்கினால் 57. ஆறு ஆட்டங்களைக் கொண்டு கட்டும் கூட்டுப் பந்தயத்திலும் சேர்க்கைகள் 57 தான். தன் சரக்கில் 57 வகை என்று விளம்பரம் செய்த ‘ஹைன்ஸ்’ என்னும் அமெரிக்க உணவுக் கம்பெனியின் பெயராலேயே ஆங்கிலேயர் அப்பந்தயத்தை வழங்குகின்றனர். வைத்தியனின் அறுசுவைக் கணக்கு சுற்றிச் சுற்றி ஓர் ஊறுகாய்க் கடையின் பெயரைத் தாங்கிப் பந்தயக்காரன் சீட்டில் வந்து உட்கார்ந்திருப்பது வேடிக்கையே.

சேர்க்கையின் எண்ணிக்கை தெரிந்தால் மட்டும் போதாது. பணத்தின் போக்குத் தெரிதல் வேண்டும். ஒரு தோழர் யாங்கி கட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். சேர்க்கைக்கு 1 வெள்ளி வீதம் 11 வெள்ளி. நான்கு ஆட்டங்களும் சரிக்குச் சரியானவை. வெற்றிக்கும் தோல்விக்கும் பாதிப் பாதி இடமுண்டு. நேர்மையான விலையென்றால், வென்றவனுக்கு 1 வெள்ளிக்கு 2 வெள்ளி திரும்ப வேண்டும். பந்தயக்காரன் தருவதோ 1 வெள்ளி 90 காசு. அந்தப் பத்துக் காசில்தான் அவன் பிழைப்பு. அதை அவன் மறைப்பதில்லை, சீட்டிலேயே அச்சிட்டிருக்கின்றான்.

நான்கில் ஒன்று மட்டும் பலித்தால், அல்லது ஒன்றுமே பலிக்காவிட்டால், கட்டிய 11 வெள்ளியும் போயிற்று. இரண்டு பலித்தால் ஓர் இரட்டை உயிர் பிழைக்கும், 1.90ஐ 1.90ஆல் பெருக்க 3 வெள்ளி 61 காசு. மூன்று பலித்தால் மூன்று இரட்டைகளும் ஒரு மூன்றும் சேர்ந்து 17 வெள்ளி 69 காசு. நான்கும் பலித்தால் 62 வெள்ளி 13 காசு. நான்கு ஆட்டங்கள் முடியக்கூடிய வழிகள் 16. அவற்றுள் 5 வழிகளில் ஒரு காசும் வராது. 6 வழிகளில் 3 வெள்ளி 61 காசு. 4 வழிகளில் 17.69, ஒரே வழியில் 62.13. இவற்றைக் கூட்டிப் பதினாறால் வகுத்துப் பார்த்தால் 9 வெள்ளி 66 காசு வருகின்றது. 11 வெள்ளி கொடுத்து, சராசரியில் 9 வெள்ளி 66 காசு மதிப்புள்ள ஒரு சீட்டை அத்தோழர் வாங்கியிருக்கிறார்.

இதிலே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இரண்டு பலித்த நிலை. பதினாறில் ஆறு முறை, வேறெந்த முடிவைக் காட்டிலும் அடிக்கடி, நேர்வது அதுதான். அப்போது தொலைபேசி மணியடித்துச் சொல்லும்: ‘நீங்கள் வென்றீர்கள், 3 வெள்ளி 61 காசு’ என்று. தோழரும் மேசையில் இருப்பவர்களிடம் ‘எனக்கு ஒன்று அடித்தது’ என்பார். உண்மையில் அவர் 7 வெள்ளி 39 காசு இழந்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. ஓர் இரட்டை பலித்தது மெய்தானே? ஆயினும் கேட்டவர் மனத்தில் பதிந்தது பொய். சூதன் பெறும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் இரைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். வள்ளுவர் காலத்து மீனுக்கு இரையாவது முழுதாகக் கிடைத்தது. இங்கே மீனின் வாலிலிருந்தே மூன்றில் ஒரு துண்டை நறுக்கி, அதையே இரையென்று முள்ளில் குத்தி நீட்டுகின்றனர்.

இன்னும் ஒன்று. தனி ஆட்டத்தில் 1 வெள்ளிக்கு 5 காசு கழிவு. 95 காசு மிஞ்சும். இரட்டையில் அந்த 95இன் மீதே மறுபடியும் 5 பங்கு கழியும். மிஞ்சுவது 90 காசும் கால் காசும். மூன்றில் ஏறத்தாழ 86, நான்கில் 81. வட்டிக்கு வட்டி என்பதை நம் முன்னோர் செட்டியார் கிட்டங்கிகளில் பட்டறிந்தனர். இது கழிவுக்குக் கழிவு. சேர்க்கை நீள நீளப் பரிசும் வளர்கின்றது. அதன் நிழலில் கழிவும் வளர்கின்றது. கண் பரிசின்மேலேயே நிற்கின்றது. அதே 11 வெள்ளியைப் பிரித்து நான்கு ஆட்டங்களிலும் தனித்தனியே கட்டியிருந்தால், சராசரியில் 10 வெள்ளி 45 காசு திரும்பும். நான்கையும் ஒரே கோவையாகக் கட்டியிருந்தால் 8 வெள்ளி 96 காசு. கூட்டுப் பந்தயம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. ‘ஒன்று தப்பினாலும் மிச்சம் இருக்கிறது’ என்னும் ஆறுதலை அது விற்கின்றது. தனிப் பந்தயம் அவ்வாறுதலை இதைவிட மலிவாகவே தருகின்றது என்பதைச் சொல்வாரில்லை.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்குக் கழிவு என்னும் சொல் புதிதன்று. நிறுவைக் களத்தில் கூடையின் எடைக்கென்று கொஞ்சம், கொழுந்தின் ஈரத்துக்கென்று கொஞ்சம் குறைத்து எழுதுவது தேயிலை விளையும் நாடுகளில் எங்கும் தீராத வழக்கு. அரைக் கிலோ அதிகமாகக் கழித்துவிட்டால், வாய் பேசாத கிழவியும் கணக்கப்பிள்ளையை நிறுத்திக் கேட்பாள். கேட்க வேண்டியதே, அவள் கை நோகப் பறித்த கொழுந்து அது. அந்தத் தராசுமுன் அவ்வளவு விழிப்பாக இருந்த குடும்பத்தின் பிள்ளை, நூற்றுக்குப் பன்னிரண்டு கழிக்கும் இத்தராசுமுன் வாய் திறவாமல் நிற்பானேன்? அறிவில்லாமையால் அன்று. அங்கே கழிவு முள்ளில் தெரிந்தது. இங்கே பெருக்கலுக்குள் ஒளிந்திருக்கின்றது.

நாம் கணக்கை நேர்மையாகவே கூற வேண்டும். வாரம் ஒரு யாங்கி, 11 வெள்ளிக்கு மேல் ஒரு காசும் இல்லை என்று உறுதியாக நிற்பவருக்கு, ஆண்டுக்கு 572 வெள்ளி கட்டியதில் சராசரி நட்டம் சுமார் 70 வெள்ளி. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமாகிய மாதம் 1,700 வெள்ளியை 26 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு நாட்கூலி! இதனை மலையென்று கூறிப் பயமுறுத்துவது நம்மால் ஆகாது. நாட்டில் உரிமத்தோடு நடக்கும் நாலு நம்பர் இதனினும் கொடிது. அதில் ‘பெரிய’ சீட்டுக்கு 1 வெள்ளி கட்டினால் முதற் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500, சிறப்புப் பரிசு பத்துக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. எல்லாம் கூட்ட 6,400. எண்களோ பத்தாயிரம். ஆகவே வெள்ளிக்கு 64 காசுதான் திரும்புகின்றது. அதிலும் நான்கு இலக்கங்களை 24 விதமாக மாற்றிக் கட்டும் கூட்டு முறை உண்டு. 24 விதம் கட்டினாலும் வெள்ளிக்கு 64 காசு 64 காசே. சாலையில் மோதிய வண்டியின் இலக்கத்தையும் கனவில் கண்ட பாம்பையும் எண்ணாக்கிக் கட்டுவோருக்கும் அதே 64. விபத்தில் இறந்தவனுக்காக இரங்குவதற்குமுன் வண்டி நம்பரைக் குறித்துக் கொள்ளும் வழக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால், இப்பக்கம் போதாது.

அப்படியாயின் தீங்கு எங்கே? பதினொன்று பதினொன்றாகவே நிற்பதில்லை, அங்கேதான். வந்த 3 வெள்ளி 61 காசு வீட்டுக்குப் போவதில்லை, அடுத்த சீட்டுக்குப் போகின்றது. 17 வெள்ளியும் அப்படியே. வெள்ளிக்கு 88 காசு திரும்பும் வழியில் ஒரே பணத்தைப் பத்துமுறை சுற்றவிட்டால் சராசரியில் மிஞ்சுவது 27 காசு. முன்பெல்லாம் குதிரைப் பந்தயத்துக்கு ஈப்போவுக்கு இறங்கிப் போக வேண்டியிருந்தது. பத்துமுறை சுற்றப் பல மாதமாகும். இப்போது ஒரே இரவில், ஆட்டம் நடக்கும்போதே, சுற்றி முடிந்துவிடுகின்றது. இழந்ததை மீட்க அடுத்த வாரம் இரட்டிப்பாகக் கட்டுவோரும் உண்டு. 11, 22, 44, 88 என்று நான்கே வாரத்தில் 165 வெள்ளி, இரண்டரை நாட்கூலி. போதாக்குறைக்குச் சட்டத்துக்குப் புறம்பான பந்தயக்காரன் கடனுக்கும் சீட்டு எழுதுகின்றான். கடன் வந்தபின் ஆலோங் வருகிறான். அதற்குப்பின் நடப்பது எண்கணிதமன்று.

‘நம்பிக்கையை விலைக்கு வாங்குகிறான், உங்களுக்கென்ன?’ என்று நம்மைக் கேட்பவர் உண்டு. இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆறு நாள் குளிரிலும் மழையிலும் உழைத்தவன், ஏழாம் நாள் இரவு, தன் வாழ்வு நாளை வேறாகக் கூடும் என்று இரண்டு மணி நேரம் எண்ணியிருப்பது ஓர் இன்பமே. படக்காட்சிக்குக் கொடுக்கும் காசும் திரும்பி வருவதில்லை. அதனை யாரும் வஞ்சகம் என்பதில்லை. விலை 1 வெள்ளி 34 காசு என்று தெரிந்து, தெரிந்தே கொடுப்பவரிடம் நமக்கு வழக்கில்லை. அவரைப் பாவியென்று தூற்றும் உபதேசிகளோடு நாம் சேரமாட்டோம். ஆனால் படக்காட்சி பார்க்கப் போகிறவன் பணம் பண்ணப் போவதாக எண்ணிப் போவதில்லையே! சீட்டு வாங்குகிறவன் வாங்குவது பொழுதுபோக்கு. அவனுக்கு விற்கப்படுவதோ முதலீடு என்னும் பெயரில். ‘சிஸ்டம்’ என்னும் சொல்லே அதற்குத்தான் பயன்படுகின்றது. முறை, ஒழுங்கு, கணக்கு என்று தொனிக்கும் ஒரு சொல்லைக் கேட்டால், குருட்டு யோகத்தை நம்பாத அறிவாளி இளைஞனும் ஏமாறுவான். ஏன், அவனே முதலில் ஏமாறுவான். நாலு நம்பருக்குக் கனவு பார்ப்பவனை எள்ளி நகையாடுபவன், தான் பதினொரு சேர்க்கைகளை அட்டவணையிட்டுக் கட்டுவதைப் பகுத்தறிவென்றே கருதுகிறான்.

இனி, சம்மதம் என்பதைப் பற்றி. நம் பாட்டன்மார் இந்நாட்டுக்கு எப்படி வந்தனர்? தாம் படிக்க இயலாத காகிதத்தில் விரலை ஒற்றிவிட்டு ஒப்பந்தக் கூலிகளாய் வந்தோர் பல்லாயிரவர். ‘அவர்கள் இசைந்துதானே வந்தார்கள்’ என்று துரைமார் வாதித்தனர். அவ்விசைவு இசைவாகாது, அறியாதவனின் கைநாட்டு அவன் மனத்தைக் காட்டாது என்பதுதான் அம்முறையை எதிர்த்தோரின் வாதம். 1910ஆம் ஆண்டில் மலாயாவில் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டது. அந்த வாதத்தை நாம் ஏற்போமாயின், இச்சீட்டுக்கும் அதனைப் பொருத்திப் பார்த்தல் வேண்டும். எழுத்துத் தெரியாதவனுக்குக் காகிதம் எப்படியோ, பெருக்கலின் உட்பொருள் தெரியாதவனுக்கு 1.90 என்னும் எண் அப்படி. எல்லாம் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கின்றது என்பது அங்கும் உண்மை, இங்கும் உண்மை.

இரண்டிற்கும் பேதமில்லையா? உண்டு. கைநாட்டு வைத்தவனைப் பசி துரத்திற்று. பந்தயம் கட்டுகிறவனை யாரும் துரத்தவில்லை. எழுதப் படிக்கக் கற்பதற்கு அன்று அவனுக்குப் பள்ளியில்லை. இன்று இடைநிலைப் பள்ளியின் கூடுதல் கணிதத்தில் வரிசை மாற்றமும் சேர்க்கையும் பாடமாகவே இருக்கின்றன. ஆகையால் முழுப் பழியையும் பந்தயக்காரன் தலையில் சுமத்துவது நியாயமன்று. நாம் கொள்ளும் முடிவு இது: விற்பவன், வாங்குபவனின் அறியாமை நீங்கினால் தன் வியாபாரம் குறையும் என்று அறிந்து, அவ்வறியாமை நீடிக்கும்படி சொற்களை அமைத்துக் கொள்வானாயின், விலையை எழுதி வைத்திருப்பதனால் மட்டும் அவன் யோக்கியனாகமாட்டான். 7 வெள்ளி 39 காசு இழந்தவனுக்கு ‘வென்றீர்கள்’ என்று மணியடிக்கும் கருவியைச் செய்தவன் அந்த எல்லையைக் கடந்து விட்டான்.

சூதைப் பற்றிய நம் பழங்கதைகளில் தருமனுடையதையே எல்லோரும் எடுத்துக் காட்டுவர். நமக்கு உகந்தது நளனுடையது. நாடிழந்து, மனைவியைப் பிரிந்து, உருமாறித் தேரோட்டியாய் இருந்த நளன், இருதுபன்னனை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் ஒரு தான்றி மரம் நின்றது. அதன் இலை இத்தனை, காய் இத்தனை என்று அரசன் பார்த்த மாத்திரத்தில் சொன்னான். நளன் நம்பவில்லை, தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தான், சரியாக இருந்தது. தேரோட்டும் வித்தைக்கு மாற்றாக எண்ணும் வித்தையையும் சூதின் நுட்பத்தையும் கற்றுக் கொண்டான். அவ்வித்தை உள்ளே புகுந்தவுடன் அவனைப் பீடித்திருந்த கலி வெளியே ஓடிற்று என்பது கதை. கலியை விட்டுவிடுவோம், நமக்கு அதில் நம்பிக்கையில்லை. நளன் அரசனின் வாக்கை ஏற்றுக் கொள்ளாமல் தேரை விட்டிறங்கி மரத்தடியில் நின்று எண்ணினானே, அதைத்தான் நம் இளைஞர்கள் செய்தல் வேண்டும். பதினாறு வழிகளையும் ஒரு காகிதத்தில் எழுதக் கால் மணி நேரம் பிடிக்கும். தோட்டத்து வாசகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ ஒரு கரும்பலகை இருந்தால், ஒரே மாலையில் இருபது பேருக்குக் காட்டிவிடலாம். அப்படி எழுதிப் பார்த்த பிறகும் கட்டுகிறேன் என்பவர் கட்டட்டும்.

நமக்கு இன்னும் தெளிவுபடாத ஒருவர் இருக்கிறார். சீட்டு எழுதி வாங்கி மேலே அனுப்பும் தரகர். அவரும் பெரும்பாலும் நம்மவர். பக்கத்து லயத்தில் பிறந்தவர். கல்யாணத்துக்கு மொய் எழுதுபவர். நோயென்றால் காரில் ஏற்றித் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறவர். எழுதிய தொகைக்கு ஏற்ப அவருக்குக் கமிஷன். அன்று ஆள் சேர்த்த கங்காணிக்கும் வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. அவரும் ஊராருக்கு நல்லவராகவே இருந்தார். யாங்கியில் ஏன் பதினொரு சேர்க்கைகள், அவற்றில் எத்தனை காசு கழிகின்றது என்று அப்படிப்பட்ட ஒருவரை நாம் கேட்டோம். ‘அதெல்லாம் மேலே உள்ளவர்களுக்குத்தான் தெரியும், எனக்குச் சீட்டை எழுதத் தெரியும்’ என்றார். அவர் சொன்னது மெய்யென்றே நமக்குத் தோன்றிற்று. அவரை வஞ்சகர் என்பதா, அவரும் வஞ்சிக்கப்பட்டவர் என்பதா? பதினாறு வழிகளை எழுதிய காகிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.